ஷட்டர் தெறக்காத நாள்

இல்லம்மா, நீங்க எழுந்திருக்காதீங்க, உக்காருங்க. கமிட்டி பதினோரு மணிக்குத்தான். நான்தான் முந்திரிக்கொட்டை மாதிரி பத்து மணிக்கு முன்னாடியே வந்து நிக்கிறேன். மேல கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்கார வெச்சு ஏசி எல்லாம் போட்டு விட்டாங்க. மேஜை மேல ஒரு அட்டை, அதுல என் பேரு, கீழ நிபுணர்னு போட்டிருக்கு. அதுக்கு எதிர்ல என்னால ரொம்ப நேரம் உக்கார முடியல. அந்தப் பொண்ணு வேலை செய்யற லேபைக் கொஞ்சம் பாத்துட்டு வரேன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

ஆமா, நான்தான். நம்ப முடியலையா? மெயில்ல படிச்சவங்க ஆறடி உயரத்துல ஒரு ஆளை நெனச்சிருப்பீங்க. மெயில்ல எல்லாருமே ஆறடிதான்.

மெஷின் ஓடுதா என்ன? ஜன்னல்ல ஊதா வெளிச்சம் தெரியுதே. இப்பவா? இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க ஆராய்ச்சியை இத்தோட நிறுத்திடலாமான்னு மேல முடிவு பண்ணப் போறாங்க, நீங்க கீழ உக்காந்து சிலிக்கன் மேல இன்னொரு ஃபிலிம் வளத்துட்டிருக்கீங்களா? எத்தனையாவது? நாப்பத்தி மூணா. சரிதான். இல்ல, ஓடட்டும், ஓடட்டும். நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறேன். இந்தச் சேருக்கும் ஒரு கால் ஆடுதா? அப்ப சொந்த லேபுக்கு வந்த மாதிரிதான்.

அட, செவுத்துல ஒட்டி வெச்சிருக்கறது என் ஆராய்ச்சிப் பேப்பர்ல வந்த செய்முறையா? லேமினேட் வேற பண்ணியிருக்கீங்க. என் கல்யாண ஃபோட்டோவை எங்க வீட்டுல இன்னும் லேமினேட் பண்ணல. இருபத்தி மூணு ஸ்டெப்பும் இருக்கு. பதினாலாவதுக்கு மட்டும் பச்சை இங்க்ல கோடு போட்டிருக்கீங்களே, எதுக்கு? சிலிக்கன் சூடானதும் பதினோரு நிமிஷம் காத்திருக்கவும். அதை அப்படியே பண்றீங்களா? ஸ்டாப்வாட்ச் வெச்சா? ஐயோ.

அந்தப் பதினோரு நிமிஷம் எப்படி வந்துச்சு தெரியுமா? எங்க லேப்ல இருந்து கேன்டீனுக்குப் போய், நின்னு ஒரு டீயைக் குடிச்சிட்டு, திரும்பி வர பதினோரு நிமிஷம் ஆகும். அவ்வளவுதாம்மா. பேப்பர் எழுதும்போது எவ்வளவு நேரம் விட்டீங்கன்னு போடணுமே, நோட்டைப் பொரட்டினேன், எல்லாப் பக்கத்துலயும் பதினோரு நிமிஷம்னு இருந்துச்சு, போட்டுட்டேன். அப்புறம் ஒரு மீட்டிங்ல ஒருத்தர் எழுந்து, அந்தப் பதினோரு நிமிஷத்துல அணுக்கள் எப்படி எப்படி இடம் மாறி உக்காருதுன்னு அரைமணி நேரம் படம் போட்டு வெளக்கினாரு. நான் முன் வரிசையில உக்காந்து ஆமா ஆமான்னு தலையை ஆட்டிட்டிருந்தேன். கேன்டீன்காரருக்குத் தெரிஞ்சிருந்தா பேப்பர்ல என் பேரையும் போடுங்கன்னு வந்து நின்னிருப்பாரு.

சிரிக்கிறீங்க. நல்லா சிரிங்க. நீங்க சிரிச்சாத்தான் எனக்கு மேல பேச்சு வரும்.

என்னைப் பத்தி என்ன கேள்விப்பட்டீங்களோ தெரியாது. நான் அங்க மெஷின் பாத்துக்கற ஆளாத்தான் சேந்தேன். பம்ப்புக்கு ஆயில் மாத்தறது, சேம்பரைத் தெறந்து உள்ள படிஞ்சு உரிஞ்சு தொங்கறதை எல்லாம் சுரண்டி எடுக்கறது. படிப்பெல்லாம் அப்புறம் தத்தித் தத்தி முடிச்சது. இருபத்தி ரெண்டு வருஷம் என்கிட்ட யாரும் எதுவும் கேட்டதில்ல, வீட்டையும் சேத்துத்தான் சொல்றேன். எனக்கு மச்சினன் ஒருத்தன் இருக்கான், என் வீட்டுக்காரியோட தம்பி, அலமாரி செய்யற தச்சர். அவன்தான் ஒருநாள், நீங்க என்னதான் மாமா வேலை பாக்கறீங்கன்னு கேட்டான். கேட்டுட்டானேங்கற சந்தோஷத்துல நானும் ஆரம்பிச்சேன். காத்தே இல்லாத ஒரு டப்பா, அதுக்குள்ள ஒரு சிலிக்கன் தகடு, அது மேல தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு கனத்துல மாங்கனீஸைப் படிய வெக்கிறேன், அந்தப் படலத்தைத்தான் ஃபிலிம்னு சொல்றோம். அது காந்தமாயிடுச்சுன்னா, கரண்ட் போனாக்கூட கம்ப்யூட்டருக்கு நெனப்பு போகாது. எலக்ட்ரான் ஒவ்வொண்ணும் சுத்துற பம்பரம்னு வெச்சுக்கோ, அது மேல பாத்து நிக்குதா கீழ பாத்து நிக்குதாங்கறதையே கம்ப்யூட்டர் குறிச்சு வெச்சுக்கும்னு சொன்னேன். அவன் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டுட்டு, அப்ப அலமாரிக் கதவுக்கு ஒரு நல்ல காந்தம் உங்ககிட்ட கெடைக்குமா மாமான்னான்.

அப்படி இருந்தவனுக்குத்தான் நாலு வருஷம் முன்னாடி அந்த லூப் வந்துச்சு. உங்களுக்குத் தெரியாததில்ல, காந்தம் அளக்கற மெஷின்ல வெச்சா உங்களுக்கு நாப்பத்தி ரெண்டு தடவையும் வெறும் சாஞ்ச கோடுதான் வந்துச்சு. எனக்கு கிராஃப்ல நடுவுல வயிறு வெச்ச அழகான லூப் வந்துச்சு, லூப் வந்தா காந்தம்னு அர்த்தம். குளிர வெக்க வேணாம், ஒண்ணும் வேணாம், சாதாரண ரூம் சூட்டுலயே காந்தம். அன்னைக்கு எங்க டைரக்டர் என் தோள்ல கை போட்டாரு. அது வரைக்கும் அவருக்கு என் தோள் எங்க இருக்குன்னே தெரியாது.

நானும் ஆடினேம்மா. சும்மா சொல்லக் கூடாது, நல்லாவே ஆடினேன். மீட்டிங்ல பேசக் கூப்பிட்டா ரெண்டு நாள் யோசிச்சுச் சொல்றேன்னு பிகு பண்ணுவேன், அப்பவே பையில துணி அடுக்கி வெச்சிருப்பேன். கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி விட்டுட்டு ஆளுங்களைப் பாக்கற பழக்கம் ஒண்ணு வந்துச்சு. வீட்டுல டிவி ரிமோட் எங்கன்னு கேட்டாலும் அப்படித்தான் பாப்பேன். உங்க முதல் மெயில் வந்தப்ப அந்த மப்புலதான் இருந்தேன். சூட்டை மூணு டிகிரி ஏத்திப் பாருங்கன்னு எழுதினேன். ஏன் மூணுன்னு கேட்டா எனக்கே தெரியாது, ரெண்டுன்னு எழுதினா கொறைச்சலாத் தெரிஞ்சுது. ரெண்டாவது மெயிலுக்கு, சிலிக்கனை இன்னும் நல்லாக் கழுவுங்கன்னு எழுதினேன். நான் பாத்திரம் கழுவினா என் வீட்டுக்காரி மறுபடி எடுத்துக் கழுவுவா. அப்படிப்பட்ட ஆளு உங்களுக்குக் கழுவச் சொல்லிக் குடுத்தேன்.

உங்க கைடு எனக்கு எழுதின லெட்டரை நீங்க பாத்தீங்களா? பாக்கலையா. நல்லதாப் போச்சு. பெருசா ஒண்ணுமில்ல. மெஷின் நல்லா இருக்கு, செய்முறை நல்லா இருக்கு, பொண்ணுக்குத்தான் கை பத்தாது, நீங்க நேர்ல வந்து பாத்து ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா முடிச்சிடலாம்னு எழுதியிருந்தாரு. என் வார்த்தையை வெச்சு உங்க மூணு வருஷத்தை முடிக்கப் பாக்கறாங்க. எனக்கு அந்த லெட்டர் வந்ததும் முதல்ல என்ன தோணுச்சு தெரியுமா? வெக்கத்தை விட்டுச் சொல்றேன், எந்தச் சட்டை போட்டுட்டுப் போறதுன்னு தோணுச்சு.

இதோ, இந்தச் சட்டைதான். பட்டன் தொங்குது, தெச்சுக் குடுன்னு வீட்டுக்காரிகிட்ட குடுத்தேன். அவ ஸ்கூல்ல கணக்கு டீச்சர். தெச்சுக்கிட்டே, யாரை விசாரிக்கப் போறீங்கன்னா. ஒரு பொண்ணு, நம்ம ஃபிலிமை வளக்கத் தெரியாம முழிக்குதுன்னேன். எத்தனை தடவை பண்ணிப் பாத்துச்சுன்னா. நாப்பதுக்கு மேலன்னேன். ஊசியை நிறுத்திட்டா. நாப்பது தடவையும் ஒரே மாதிரி விடை வந்தா நான் அந்தப் பிள்ளையைத் திட்ட மாட்டேன், கேள்வித்தாளைத்தான் எடுத்துப் பாப்பேன்னா. பட்டன் போதும் குடுன்னு சட்டையைப் பிடுங்கிட்டு வந்துட்டேன். பாதி தெச்சதோடதான் வந்திருக்கேன் பாருங்க.

மெஷின்ல இன்னும் எவ்வளவு நேரம்? முப்பது நிமிஷமா. ம்.

அப்ப ஷட்டர் கதையைச் சொல்லிடறேன். நீங்க சிரிப்பீங்க.

ஒருநாள் வழக்கம் போல ஒரு ஃபிலிம் வளக்க உக்காந்தேன். பம்ப்பு ரெண்டு நாள் ஓடி உள்ள காத்தெல்லாம் உறிஞ்சு முடிச்சாச்சு. சிலிக்கன் சூடாச்சு. டீ குடிச்சாச்சு, அதான் பதினாலாவது ஸ்டெப். மாங்கனீஸ் தட்டு மேல ஊதா வெளிச்சம் வந்தாச்சு. இனி நடுவுல இருக்கற ஷட்டரைத் தெறக்க வேண்டியதுதான் பாக்கி. தெறந்தாத்தானே மாங்கனீஸ் சிலிக்கன் மேல போய் விழும்? கைப்பிடியில கை வெக்கப் போறேன், ஃபோன் அடிக்குது. மச்சினன். அலமாரிக் கதவுக்குக் காந்தம் வாங்கிட்டானாம், எந்தப் பக்கம் வெச்சு அடிக்கறதுன்னு கேக்கறான். ஒரே வார்த்தையில முடிச்சிருக்கலாம். விடுவேனா நான்? இப்பத்தான் நிபுணராச்சே. வடக்குத் தெற்குல ஆரம்பிச்சு, இரும்புக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு இருபத்தஞ்சு நிமிஷம் பேசினேன். நடுவுல அவன் ஃபோனைப் பலகை மேல வெச்சிட்டு மரம் அறுக்கப் போயிட்டான். எனக்கு ரம்பச் சத்தம் கேக்குது, அப்பவும் நான் நிறுத்தல. அந்தப் பக்கம் ஒரு ரம்பம், இந்தப் பக்கம் ஒரு ரம்பம்.

ஃபோனை வெச்சிட்டுத் திரும்பினா ஜன்னல்ல வெளிச்சம் ஜோரா இருக்கு. கனம் காட்டற மீட்டர் ஓடிக்கிட்டிருக்கு. அந்த மீட்டர் எங்க மெஷின்ல ஷட்டருக்கு இந்தப் பக்கம், மாங்கனீஸ் தட்டு பக்கமா இருக்கு, அதனால ஷட்டர் மூடியிருந்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நானும் தெறந்துட்டேன்னே நெனச்சுக்கிட்டேன். மூணு மணி நேரம். ஆற வெச்சு, வெளிய எடுத்து, காந்தம் அளக்கற மெஷின்ல வெச்சேன். லூப் வந்துச்சு. எப்பவும் வர்ற அதே லூப். பிரின்ட் எடுத்து, தேதி போட்டு, இன்னைக்கு அருமையா வந்திருக்குன்னு பக்கத்துல எழுதினேன். ஸ்மைலி கூடப் போட்டேன். அப்புறம் மெஷினை நிறுத்தலாம்னு போய்ப் பாக்கறேன், கைப்பிடி மூடின பக்கமாவே இருக்கு.

அதேதான். சிலிக்கன் மேல ஒண்ணுமே விழல. அத்தனை மாங்கனீஸும் ஷட்டர் முதுகுல அப்பிக் கிடக்கு. நான் லூப் எடுத்தது ஒண்ணுமே இல்லாத வெறும் சிலிக்கன்ல.

சிரிக்கலையே நீங்க. நானும் சிரிக்கல. தரையில உக்காந்துட்டேன். அப்புறம் எழுந்து, மெஷினுக்குள்ளயே போகாத புதுத் தகடு ஒண்ணைப் பெட்டியில இருந்து எடுத்து அளந்தேன். அதுலயும் லூப். என் கையைப் பாத்தேன். கையில இருக்கறது எங்க பழைய ட்வீசர். ஸ்டீல்.

கண்டுபிடிச்சிட்டீங்க. ஆமா, அதான். ட்வீசரால கவ்வித் தூக்கும்போது தகட்டு ஓரத்துல கண்ணுக்குத் தெரியாம ஒரு கீறல், அந்தக் கீறல்ல துளியூண்டு இரும்பு. படலம் அத்தனை மெல்லிசு, அது குடுக்கற காந்தமும் அத்தனை கம்மி, அந்தத் துளி இரும்பே போதும் எங்க லூப்புக்கு. கேன்டீனுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன் வாங்கிட்டு வந்து, இன்னொரு புதுத் தகட்டை அதால ஏந்தி அளந்தேன். சாஞ்ச கோடு. உங்களுக்கு வர்ற அதே கோடு. பேப்பர்ல போட்ட பழைய சாம்பிள் பதினேழு அலமாரியில இருந்துச்சு. ஒட்டின இரும்பு கரையட்டும்னு ஒவ்வொண்ணா ஓரத்தை ஆசிட்ல தொட்டு எடுத்து அளந்தேன். பதினேழுலயும் லூப் படுத்துக் கோடாயிடுச்சு.

யோசிச்சுப் பாருங்க. துளிக் காத்து உள்ள வந்துடக் கூடாதுன்னு ரெண்டு நாள் பம்ப்பு ஓட்டறவன் நான். கைக்கு உறை, தலைக்கு உறை, வாய்க்கு உறை. தும்மல் வந்தா வெளிய ஓடிப் போய்த் தும்முவேன். அத்தனையும் பண்ணிட்டு, கடைசியில கொல்லன் பட்டறையில தூக்கற மாதிரி இரும்பால தூக்கியிருக்கேன். இருபத்தி மூணு ஸ்டெப் எழுதினேன், டீ குடிக்கற நேரத்தைக் கூட எழுதினேன், எதால தூக்கணும்னு எழுதல. உங்க டிரேல இருக்கறது பிளாஸ்டிக் முனைதானே? யாரு சொன்னா அப்படி வாங்கச் சொல்லி? நீங்களாவா? காந்தம் பாக்கற வேலைக்கு இரும்பு எதுக்குன்னு தோணுச்சா. அது எனக்கு இத்தனை வருஷத்துல தோணல பாருங்க.

அதனாலதாம்மா உங்களுக்கு வரல. நீங்க ஒழுங்காப் பண்ணீங்க, அதனாலதான் வரல. உங்க கைல ஒரு குறையும் இல்ல.

எப்பவா? அது, கொஞ்ச நாள் ஆச்சு. தேதியா இப்ப முக்கியம்? முதல்ல அந்த மெஷினை நிறுத்துங்க. அது வராது, எனக்கும் வந்ததில்ல. இருங்க, மொதல்ல ஷட்டரை மூடுங்க, அப்புறம் கரண்டைக் கொறைங்க. பாருங்க, ஷட்டரைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லித் தரேன்.

உக்காருங்க. தண்ணி குடிங்க. அழுதா அழுங்க, நான் அந்தப் பக்கம் பாத்துக்கறேன். மூணு வருஷம் உங்களை நீங்களே சந்தேகப்பட்டிருக்கீங்க. எனக்கு ஒரு நாள் கூட என் மேல சந்தேகம் வந்ததில்ல. வந்திருக்க வேண்டியவனுக்கு வரல.

இந்தாங்க, இது ஜர்னலுக்கு நான் அனுப்பின லெட்டரோட காப்பி. பேப்பரை வாபஸ் வாங்கிக்கறேன்னு எழுதியிருக்கேன். நேத்துதான் போச்சு. அந்தக் கவர்ல மூணு கிராஃப் இருக்கு, வெறும் தகடு, ஸ்பூன்ல ஏந்தினது, ஆசிட்ல தொட்டது. மேல போனதும் இதையெல்லாம் மேஜையில வெச்சிடறேன். உங்க ஆராய்ச்சியை எப்படி நிறுத்துவாங்க? இது காந்தமில்லைன்னு நாப்பத்தி ரெண்டு தடவை தேதி போட்டு அளந்து வெச்சிருக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். இனிமே அதுதான் பேப்பர். உங்க கைடு இன்னைக்கு மத்தியானமே உங்க தோள் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சிடுவாரு.

எந்த வரி? மூணாவதா. படிங்க. அளவீட்டில் நேர்ந்த இந்தப் பிழை சமீபத்தில் தெரியவந்தது. ஆமா, அப்படித்தான் எழுதியிருக்கேன். ஏழு தடவை அடிச்சு அடிச்சு எழுதினேம்மா அந்த லெட்டரை. வெக்கக்கேடானதை எல்லாம் எழுதிட்டேன், ட்வீசரை எழுதினேன், ஷட்டரை எழுதினேன். சமீபத்தில்ங்கற அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஏழு தடவையும் மாத்த முடியல.

மறுபடி கேக்கறீங்க. சரி.

மார்ச் நாலாந்தேதி. செவ்வாக்கிழமை.

ஆமா, இப்ப அக்டோபர். ஏழு மாசம். எண்ண வேணாம், நான் எண்ணிட்டேன். உங்க மூணாவது மெயில் மார்ச் பதிமூணு வந்துச்சு. இருபத்தெட்டு தடவை பண்ணியும் வரலை சார், நான் எங்கயோ தப்பு பண்றேன், எங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க. பதினேழு சாம்பிளும் படுத்துப் போய் ஒரு வாரம் ஆகியிருந்துச்சு எனக்கு. பொறுமை வேணும்மா, இன்னும் ஒரு பத்து தடவை வளத்துப் பாருங்கன்னு எழுதினேன்.

தெரியாம எழுதல. தெரிஞ்சுதான் எழுதினேன். நீங்க பத்து வளத்து முடிக்கறதுக்குள்ள என்ன பண்ணலாம்னு யோசிச்சுக்கலாம், அந்த நிபுணர் வேஷத்தை இன்னும் மூணு மாசம் போட்டுக்கலாம்னு எழுதினேன். நாலாவது மெயிலுக்குப் பதில் போடவே தைரியம் வரல. அந்தப் பத்தையும் வளத்திருக்கீங்க, இருபத்தொம்பதுல இருந்து முப்பத்தெட்டு வரைக்கும், இங்க அடுக்கி வெச்சிருக்கீங்க. இவ்வளவு நேரம் உங்களைச் சிரிக்க வெச்சிட்டிருந்தேன் பாருங்க, இதைச் சொல்லாமலே மேல போயிடலாம்னுதான். அசிங்கமா இருக்கும்மா எனக்கு.

கூப்பிடறாங்க. மணி ஆயிடுச்சு போல. இல்ல, நீங்க முன்னாடி போங்க, நான் பின்னால வரேன். ஒண்ணு மட்டும் பண்ணுங்க. என்னை எனக்கு நல்லாத் தெரியும். மேல போய் உக்காந்ததும் டீ கதை சொல்லுவேன், மச்சினன் கதை சொல்லுவேன், எல்லாரும் சிரிப்பாங்க, அந்தச் சிரிப்போட சிரிப்பா சமீபத்துலதான் தெரிஞ்சுதுன்னு சொல்லிட்டு உக்காந்துடுவேன். அப்ப விட்றாதீங்க. எழுந்து நின்னு, எல்லார் முன்னாடியும் கேளுங்க, எந்தத் தேதி சார்னு.